எனாமலிலிருந்து சாலைக்கோட்டுக்கு: ஆறாவது டன்னைக் கலக்கும் முன்

கேள்வி: எட்டு வருடமாக எனாமலும் பிரைமரும் தயாரிக்கிறேன். இரண்டு வருடமாகச் சாலைக்கோடு போடும் ஒரு கான்ட்ராக்டருக்கு பெயின்ட் கொடுத்து வருகிறேன். இப்போது அவர் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் உருக்கிச் சாலையில் கோடாகப் போடும் தூள்) கேட்கிறார். வெள்ளையில் ஐந்து டன் செய்து கொடுத்தேன். "ஒரு மூட்டை பளிச்சென்று வருகிறது, அடுத்த மூட்டை பழுப்படிக்கிறது" என்கிறார். 90 நாள் கடனும் கேட்கிறார். தண்ணீர் பெயின்ட், கோல்ட் பிளாஸ்டிக் (சூடாக்காமல், கெட்டியாக்கி கலந்து போடும் வகை) எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாக ஆலையைப் பெரிதாக்கிவிடலாமா?

பதில்: பெரிதாக்கலாம். ஆனால் அந்த ஐந்து டன்னில் வந்த புகாருக்குக் காரணம் தெரியும்வரை ஆறாவது டன்னைக் கலக்க வேண்டாம். போன மூட்டை உருகியது போலவே இந்த மூட்டையும் உருகுகிறதா என்பதை வைத்துத்தான் கான்ட்ராக்டர் அடுத்த ஆர்டரைத் தருவார். இந்தத் தொழிலில் ஆலை வளர்வதும் தேய்வதும் அங்கேதான்.

தெர்மோபிளாஸ்டிக்கில் கரைப்பான் கிடையாது. அது தூள் கலவை. ரிப்பன் பிளெண்டர் (தூள் கலக்கும் இயந்திரம்), சல்லடை, தராசு, பை மூடும் இயந்திரம் போதும். இயந்திரச் செலவு குறைவு, சரக்கின் எடைதான் மலைக்க வைக்கும். 10 செ.மீ. அகலத்தில், 2.5 மி.மீ. கனத்தில் ஒரு கிலோமீட்டர் கோடு போட்டால் கால் கன மீட்டர் பொருள் போகும். அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 2 கிலோ என்பதால் அது 500 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை இருபது. அதே கோட்டை 400 மைக்ரான் ஈரக் கனத்தில் பெயின்டால் போட்டால் 40 லிட்டரில் முடிந்துவிடும். கோடவுனையும் லாரியையும் இந்தக் கணக்கில் போடுங்கள்.

கலவைக்கு அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்பான ஆஷ்டோவின் எம் 249 தரநிலை நல்ல வழிகாட்டி. வெள்ளையில் பைண்டர் (எல்லாவற்றையும் பிடித்து ஒட்டும் ரெசின், எண்ணெய், மெழுகு) 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு 10க்குக் குறையக் கூடாது, இரவில் மின்னுவதற்கான கண்ணாடி மணிகள் 30 முதல் 40 வரை, ஃபில்லர் (நிரப்புத் தூள்) 42க்கு மிகாமல். நூறு கிலோவுக்கு ரெசினும் எண்ணெயும் மெழுகும் சேர்த்து 20, டைட்டானியம் 10, மணி 30, கால்சியம் கார்பனேட்டும் மற்ற ஃபில்லரும் 40 என்று தொடங்கலாம். விலை குறைக்க டைட்டானியத்தில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், கோடு பகலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உங்கள் புகார். பழுப்புக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்.

முதலாவது பிளெண்டர். ஃபில்லரையும் டைட்டானியத்தையும் முதலில் ஓடவிட்டு, எண்ணெயைத் தெளிப்பானால் மெல்லத் தூவ வேண்டும். ஒரே இடத்தில் ஊற்றினால் டைட்டானியம் அதைச் சுற்றிக் கொழுக்கட்டை பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஓட்டினாலும் கரையாது. அதன்பின் ரெசினும் மெழுகும், கடைசியாக மணிகள். ஃபில்லர் ஈரமாக இருந்தால் உருக்கும்போது நுரைக்கும், கோட்டில் ஊசித்துளை விழும்.

இரண்டாவது, மூட்டைக்குள் நடப்பது. லாரி குலுங்கக் குலுங்க மணி ஒரு பக்கம், ரெசின் செதில் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பாதி மூட்டையைக் கொட்டினால் பாதிக் கலவைதான் உருக்கும் கொப்பரைக்குப் போகும். அதனால்தான் சரக்கோடு சேர்ந்து உருகும் பைகளில் கட்டுகிறார்கள். "முழு மூட்டையாகவே போடவும்" என்று பையின் மேல் பெரிதாக அச்சிடுங்கள்.

மூன்றாவது, கான்ட்ராக்டரின் கொப்பரை. அடியில் முந்தைய வேலையின் மிச்சம் கருகிக் கிடக்கலாம். ஹைட்ரோகார்பன் ரெசின் சரக்கும், ரோசின் எஸ்டர் வகையான ஆல்கிட் சரக்கும் அதில் கலந்திருக்கலாம். அந்த இரண்டையும் ஒரே கொப்பரையில் சேர்க்கவே கூடாது. வெப்பமானி பழுதாகி, 200 டிகிரி என்று காட்டும் இடத்தில் 240 இருப்பதும் சகஜம்.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நல்லது என்று சொன்ன மூட்டை ஒன்று, புகார் வந்த பேட்சில் பிரிக்காத மூட்டை ஒன்று வாங்கி வாருங்கள். இரண்டையும் தனித்தனியே முழுக்கக் கொட்டிப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்து 200 டிகிரியில் கிளறி உருக்கித் தகட்டில் ஊற்றுங்கள். நிறம் வேறுபட்டால் தப்பு உங்கள் ஆலையில். ஒன்றாக இருந்தால் மீதியை 218 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து, மணிக்கொரு தகடு ஊற்றிக் காயவிடுங்கள். ஆஷ்டோ சோதனையிலும் அவ்வளவு நேரம் சூடேற்றிய பிறகுதான் நிறம் பார்க்கிறார்கள். நாலாவது தகடும் வெள்ளையாக இருந்தால் கொப்பரையையும், பாதி மூட்டை போட்டார்களா என்பதையும் சந்தேகியுங்கள். இல்லையென்றால் ரெசினை மாற்றுங்கள்.

மஞ்சளுக்கு இன்னொரு எச்சரிக்கை. உங்கள் எனாமலில் போடும் டைஅரிலைட் மஞ்சள் நிறமி 200 டிகிரிக்கு மேல் சிதையும், சிதைவில் நச்சுப் பொருள்கள் வரும். கொப்பரை அருகே நிற்பவர் அதைத்தான் சுவாசிப்பார். லெட் குரோமேட் வெப்பம் தாங்கும், ஆனால் ஈயம். இரண்டும் வேண்டாம். வெப்பம் தாங்கும் ஈயமில்லாத நிறமியாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் சரி.

"இரவில் மின்னவில்லை" என்ற புகாரும் ஒருநாள் வரும். கலவைக்குள் இருக்கும் மணி கோடு தேயத் தேயத்தான் வெளியே வரும். முதல் இரவிலிருந்தே மின்னுவது மேலே தூவும் மணி. அது பாதிக்குச் சற்று மேல், சுமார் 60 சதவீதம் புதைந்து நிற்க வேண்டும். கோட்டை லென்ஸில் பாருங்கள். வெறும் குழிகள் தெரிந்தால் பொருள் ஆறிய பிறகு தூவியிருக்கிறார்கள், மணி உதிர்ந்துவிட்டது. மணியே தெரியவில்லையென்றால் மிகச் சூட்டில் மூழ்கிவிட்டது, அல்லது தூவவே இல்லை.

கடன் விஷயம். மாதம் 60 டன் விற்று 90 நாள் கடன் கொடுத்தால் எப்போதும் 180 டன் சரக்கின் பணம் வெளியில் நிற்கும். டைட்டானியத்துக்கும் ரெசினுக்கும் நீங்கள் முன்னதாகவே பணம் கட்டியிருப்பீர்கள். மழை தொடங்கினால் கோடு போடும் வேலை நிற்கும், அவருக்கு வரவேண்டிய பில்லும் தள்ளிப்போகும். ஆர்டர் நிறைய இருக்கும்போதே ஆலைகள் மூச்சுத்திணறுவது இப்படித்தான். இவருக்கு இத்தனை டன் வரை என்று உச்சவரம்பு வையுங்கள். பழைய பாக்கி வந்தபிறகே அடுத்த லாரி. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஆளை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்த சரக்கு தண்ணீர் பெயின்டாக இருக்கட்டும், உங்கள் டிஸ்பர்சருக்கு (நிறமியைப் பெயின்டில் பரப்பிக் கலக்கும் இயந்திரம்) அதில் வேலை உண்டு. தொட்டியும் குழாயும் மட்டும் துருப்பிடிக்காததாக, கரைப்பான் பெயின்டோடு கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். கோல்ட் பிளாஸ்டிக்கை இப்போது தொடாதீர்கள். அதன் கெட்டியாக்கி பெராக்சைடு, சூடானால் சிதைந்து தீப்பிடிக்கக்கூடியது. குளிர்ந்த தனி அறை, பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் அதை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

முதல் ஐம்பது டன் வரைக்கும் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு கிலோவை எண் போட்டு எடுத்து வையுங்கள், அதே எண் மூட்டையிலும் இருக்கட்டும். உங்கள் ஆள் ஒருவர் நம்பகமான வெப்பமானியோடு கொப்பரை அருகே நின்று, எந்த எண் மூட்டை எந்தச் சூட்டில் போனது என்று எழுதி வரட்டும்.