வெட்டுமுன் கேளுங்கள்: மலைக்காடு கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் நிலத்தின் மேல் ஓரத்தில் அரை ஏக்கர் சீகைக் (வாட்டில் மரம்) காடு. கீழே ஓடையை ஒட்டிச் சின்னச் சோலை (மலையின் இயற்கைக் காடு). இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பகுதியை மொட்டையாக வெட்டினோம். இப்போது அங்கே கை நுழைய இடமில்லாமல் சீகைக் கன்று. சோலையை மேலே கொண்டுவர வழி உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மொட்டையாக வெட்டியதுதான் வினை. சீகை விதையின் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நிழல் விலகி வெயில் பட்டாலோ, கழித்த மிலாறைக் (சிறு கிளைகளை) கொளுத்திய சூடு பட்டாலோ மொத்தமாக எழும்பும். அதனால் அங்கே இனித் தீ வைக்கவே வேண்டாம்.

அடுத்து, அந்த இடம் பழைய சோலையா, பழைய புல்வெளியா என்று பாருங்கள். சோலை நிற்பது மலை மடிப்பிலும் ஓடைத் தலைப்பிலும். காற்றடிக்கும் திறந்த சரிவும் முகடும் புல்லுக்கு உரியவை. சீகைக்கு நடுவே இன்னமும் மலைப்புல் குத்துக் குத்தாகத் தெரிந்தால் அது புல்வெளி. அங்கே சோலை மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. சீகையை எடுத்துவிட்டு, முளைக்கிற கன்றை ஆண்டுதோறும் பிடுங்கினால் போதும்.

ஓடையை ஒட்டிய பகுதியில் முறை வேறு. நிற்கிற பெரிய சீகையை உடனே தொடாதீர்கள். அதன் நிழலில்தான் பறவைகள் போட்ட நாவல், காட்டுச் சண்பக விதைகள் முளைக்கும். உறைபனியும் அங்கே கடுமையாக இறங்காது. திறந்த வெளியில் நட்ட சோலைக் கன்று டிசம்பர், ஜனவரிப் பனியில் ஒரே இரவில் கருகிவிடும். காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) மட்டும் பனியையும் தீயையும் ஓரளவு தாங்கும்.

மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரத்துக்குள் உள்ள சீகைக் கன்றை வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டுதான் கையோடு வரும். பிறகு சோலை விளிம்பிலிருந்து தொடங்கி, பெரிய மரங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், காய் முற்றி வெடிக்குமுன் எடுங்கள். கீழே சோலைக் கன்று இடுப்பளவு வளர்ந்த இடத்தில் அடுத்த பங்கு. வெட்டிச் சாய்த்தால் கன்று நசுங்கும் என்றால் மரத்தை நின்றபடியே சாகவிடலாம்: முழங்கால் உயரத்தில் சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்குப் பட்டையை வெள்ளைக் கட்டை தெரியும்வரை உரியுங்கள். விரல் அகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். பாதை ஓரத்திலும் மின்கம்பி அருகிலும் இது வேண்டாம். காய்ந்த மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. மலையில் 'சீகை' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் மரம் பல வகை. இலை கரும்பச்சையாகவும் பூ வெளிர் மஞ்சளாகவும் இருப்பது பெரும்பாலும் விதையில் பெருகுவது. இலையில் சாம்பல் நீலம் ஓடி, பூ பளிச்சென்ற மஞ்சளாக இருப்பது வெட்டிய பிறகு வேரிலிருந்தே கன்று தள்ளும். இரண்டாவது வகை என்றால் பல ஆண்டு வேலைக்குத் தயாராகுங்கள்.

நாற்று விட விரும்பினால் சோலை விதையைக் காயவைத்துச் சேமிக்காதீர்கள். நாவல் போன்றவை காய்ந்தால் முளைக்காது. சதையைக் கழுவி, எடுத்த சில நாளிலேயே பையில் ஊன்றுங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: சில்வர் ஓக் வாங்க வந்தவர் சுற்றளவை நாலாகப் பிரித்துக் கன அடி சொல்கிறார். ஏமாற்றுக் கணக்கா, சரியான கணக்கா?
– வாசகர், குன்னூர்

பதில்: பழைய கணக்குதான், பெயர் 'கால் சுற்றளவு'. ஆனால் மரத்தின் உண்மைக் கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துத்தான் காட்டும். உருட்டு மரத்தைச் சதுரிக்கும்போது வீணாவதற்கான கழிவு அது என்பார்கள்.

10 அடித் துண்டு, நடுவில் சுற்றளவு 48 அங்குலம் என்று வையுங்கள். நாலில் ஒன்று 12 அங்குலம், அதாவது ஒரு அடி. 1 × 1 × 10 = 10 கன அடி. உண்மையில் அந்தத் துண்டில் இருப்பது ஏறத்தாழ 12.7 கன அடி. இது இரு தரப்பும் அறிந்த வழக்கம் என்பதால் விலையைப் பேசும்போதே 'கால் சுற்றளவிலா, முழு அளவிலா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாறுவது வேறு இடத்தில். டேப்பை நடுவில் பிடிக்காமல் நுனியில் பிடித்தால், அங்கே 40 அங்குலம் என்றால், அதே துண்டு 7 கன அடிக்கும் கீழே போய்விடும். டேப் பிடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பட்டையோடு அளப்பதா, உரித்தா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

நிற்கிற மரத்துக்கு 'மார்பளவு உயரச் சுற்றளவு' என்பது தரையிலிருந்து 1.37 மீட்டரில், அதாவது நாலரை அடியில் எடுப்பது. நம் ஊர்ச் சரிவில் மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும்.

கேள்வி: பட்டா நிலத்து மரம்தானே, அதற்கும் அனுமதி வேண்டுமா?
– வாசகர், குன்னூர் (அதே கடிதம்)

பதில்: வேண்டும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்தையும் கட்டுப்படுத்தும். மாவட்டக் குழுவின் அனுமதி வந்த பிறகே கோடரி. சர்வே எண், மரவகை, சுற்றளவு, எண்ணிக்கை எழுதிய பட்டியலோடு விண்ணப்பியுங்கள். முன்பணம் வாங்குவதும் அதன் பிறகே இருக்கட்டும்.

கேள்வி: விறகுக்கு வெட்டிய கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) தூரில் துளிர் சரியாக வரவில்லை.
– வாசகர், மஞ்சூர்

பதில்: மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மறுபடி வளர்வது) கெடுவதற்குப் பெரும்பாலும் வெட்டுதான் காரணம். தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில், தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாக, ரம்பத்தால் அறுக்க வேண்டும். மழுங்கிய கோடரியால் கொத்தினால் பட்டை கட்டையை விட்டு விலகும். துளிருக்கான மொட்டு அந்தப் பட்டைக்கு அடியில்தான். தூரின் மேல் மிலாறைக் குவிப்பதும் தவறு. பனிக்கு முந்தைய மாதங்களில் வெட்டினால் இளந்துளிர் கருகும். பனி முடிந்து, கோடை மழைக்கு முன் வெட்டுங்கள்.

சிம்புகள் (தூரில் எழும் துளிர்கள்) மார்பளவு வந்ததும் கலைத்துவிடுங்கள். முதலில் நாலை விட்டுவையுங்கள், அடுத்த ஆண்டு இரண்டை மட்டும். தூரின் அடியில் ஒட்டியதை, அதுவும் காற்று வரும் பக்கத்தில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதைத் தூரோடு சேர்த்து அழுத்தும். உச்சியிலும் மறுபக்கத்திலும் உள்ளது பிய்ந்து விழும்.

கேள்வி: தீத்தடுப்புக் கோடு எவ்வளவு அகலம்?
– அதே வாசகர்

பதில்: புல் சரிவில் 6 மீட்டருக்குக் குறையக் கூடாது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால் செங்குத்தான இடத்தில் இன்னும் அகலம். பனியில் கருகிய புல் பிப்ரவரிக்குள் காய்ந்துவிடும், ஆகவே ஜனவரிக்குள் வேலையை முடியுங்கள். புல்லை அறுத்தால் போதாது, மண் தெரியச் செதுக்க வேண்டும். சருகு திரும்பச் சேரும். மார்ச்சில் மறுபடி பெருக்குங்கள். கோட்டின் இருபுறமும் உள்ள கற்பூர மரங்களில் நாடா நாடாவாகத் தொங்கும் பட்டையைக் கை எட்டும்வரை இழுத்து அப்புறப்படுத்துங்கள். தீ அதைப் பிடித்துத்தான் மேலேறும். எரிகிற பட்டைத் துண்டு காற்றில் பறந்து கோட்டைத் தாண்டி விழும்.