ஏ.ஏ. மீட்டிங் போகச் சம்மதித்துவிட்டார், எங்கே போவது?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. வீடு வில்லிவாக்கம், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். தினமும் குடிக்கிறார். கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாளும் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழையபடி ஆகிவிடும். போன தடவை மாலை போட்ட மறுநாள் கை நடுங்கி, ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இப்போது அவரே “ஏ.ஏ. மீட்டிங் இருந்தா போய்ப் பார்க்கிறேன்” என்கிறார். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்தைத்தான் சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறார். நானும் கூடப் போகலாமா?

பதில்: மீட்டிங் இருக்கட்டும், முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது என்று முற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். போன தடவை வேர்வையோடு போயிற்று என்பதால் இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று நம்பி இருக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம்தான். அங்கே ஒரு தடவை காட்டிவிட்டு, மருத்துவர் சொல்கிறபடி நிறுத்தட்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 108.

அதுவரை மீட்டிங்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ.வில் சேரத் தகுதி. விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அங்கே மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்தது இது. இன்றும் நடப்பது அந்தப் பேச்சுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் குழுக்களின் விவரமும் தொடர்பு எண்களும் இருக்கும். அந்த எண்ணை எடுக்கிறவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒரு உறுப்பினராகவே இருப்பார். இந்திரா நகரில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையிலோ, கீழ்ப்பாக்கத்தில் உங்களைப் பார்க்கும் சமூகப் பணியாளரிடமோ கேட்டாலும் வழி சொல்வார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

முகவரி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நம்பிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போனவர்கள் உண்டு. முந்தின நாளே போன் செய்யுங்கள், அதையும் அவரே செய்தால் நல்லது. தமிழில் பேசுவார்களா, ஆங்கிலத்திலா? இந்த வாரம் நிச்சயம் உண்டா? எந்த வாசல், எந்த மாடி? சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வாடகைக்கு எடுத்த அறையாக இருக்கும். தெருவில் பெரிய போர்டு எதிர்பார்க்க முடியாது. “முதல் தடவை வர்றேன், கேட்டில் யாராவது நிற்க முடியுமா?” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சர்ச் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று சிலர் தயங்குவார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல.

எந்த மீட்டிங் நல்லது என்று எல்லாரும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், அவர் வழக்கமாகக் கடைக்குள் நுழைகிற நேரத்தில் நடக்கிற மீட்டிங்தான் நல்லது. டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்திருக்கும் ஊர் இது. ஷிப்ட் முடிந்து ரயிலேறுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கண்டம். அதனால் ரயில் பாதையை வைத்தே தேடுங்கள். வில்லிவாக்கத்தில் தெரிந்த முகம் வரும் என்று பயந்தால், முன்னாடியே கொரட்டூரில் இறங்கலாம், இல்லை வீட்டைத் தாண்டிப் பெரம்பூர் வரை போகலாம். வாரத்துக்கு ஒரு மீட்டிங் ஆரம்பத்தில் போதாது. இரண்டு மூன்று குழுக்களின் கிழமைகளைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போகட்டும். ஒரு குழு பிடிக்கவில்லை என்பதற்காக ஏ.ஏ.வே வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு.

பணம் கட்ட வேண்டாம், பாரமும் நிரப்ப வேண்டாம். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வருகிறவர் சும்மா இருக்கலாம். பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “இன்னிக்குக் கேட்டுக்கிறேன்” என்றால் விட்டுவிடுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. வீட்டில் அறிவுரை கேட்டுச் சலித்தவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

மாலை விஷயத்துக்கு வருகிறேன். 48 நாள் அவரால் இருக்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை, அதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. மனசு அதை எண்ணிக்கொண்டே இருக்கும். ஏ.ஏ.வில் ‘இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்’ என்பதுதான் கணக்கு. கழற்றுகிற நாளே வராது.

நீங்களும் கூடப் போகலாமா? ஓப்பன் மீட்டிங் என்றால் போகலாம். குளோஸ்டு மீட்டிங் குடிநோயாளிகளுக்கு மட்டும், அன்றைக்கு வாசலோடு திரும்பிவிடுங்கள். உங்களுக்கென்றே அல்-அனான் இருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய தனி அமைப்பு அது. சென்னையிலும் குழுக்கள் உண்டு. அவர் ஏ.ஏ.வுக்குப் போவதைப் பாதியில் நிறுத்தினாலும் நீங்கள் அங்கே தொடர்ந்து போகலாம், அவருடைய அனுமதி அதற்குத் தேவையில்லை.