ஆன்-ரோடு விலையும் ஆடித் தள்ளுபடியும்: குடும்பக் கார் வாங்குவோர் கேட்டவை

ஒரு வங்கியின் வாகனக் கடன் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். அப்பா திருச்சி பாலக்கரையில் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். அதனால் காரின் அடிப்பகுதியையும் கடன் பத்திரத்தின் அடிக்குறிப்பையும் ஒரே சந்தேகத்தோடு குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கரூரிலிருந்து ஓர் ஆசிரியை: அக்கா, நானும் கணவரும் சேர்ந்து மாதம் 68,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வீட்டுக் கடனுக்கு 16,000 போகிறது. விளம்பரத்தில் கார் 6.5 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். கையில் 1.7 லட்சம் இருக்கிறது. எடுத்துவிடலாமா?

விளம்பரத்தில் இருப்பது, கார் ஷோரூமுக்குள் நிற்கும்வரை உள்ள விலை. அது தெருவில் இறங்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான புதிய காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். உங்கள் காருக்கு அது 84,500 ரூபாய். இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டாக் எல்லாவற்றுக்கும் இன்னொரு 35,000 என்று வையுங்கள். ஆன்-ரோடு விலை 7.7 லட்சத்தைத் தொடுகிறது. உங்கள் 1.7 லட்சம் போக 6 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 12,600.

தவணையோடு கணக்கு முடிந்துவிடுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால், நகருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைக்கும் காருக்கு 50 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அது ஐயாயிரம். அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ், சர்வீஸ், என்றோ வரப்போகும் டயர் ஆகியவற்றுக்கு மாதம் 2,500 ஒதுக்க வேண்டும். ஆக 20,000 ரூபாய். வீட்டுக் கடன் போக உங்களிடம் மிஞ்சுவது 52,000. அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கார் தின்றுவிடும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒத்திகை பாருங்கள். இந்த மாதம் முதல் காரே வந்துவிட்டதாக நினைத்து, வங்கியில் தொடர் வைப்பில் மாதம் 20,000 போடுங்கள். மூன்றாவது மாதமே அதில் கைவைக்க நேர்ந்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் 1.2 லட்சம் சேர்ந்திருக்கும். கடன் 4.8 லட்சமாகி, தவணை பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும். நான் கடன் பிரிவில் இருந்தபோது இப்படி ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள் தவணை தவறி நான் பார்த்ததில்லை.

நாமக்கல் வாசகர்: வங்கியில் வட்டி 9.5 சதவீதம். ஷோரூமில் அறிமுகப்படுத்திய நிதி நிறுவனம் 5.5 சதவீதம் என்கிறது. யோசிக்க என்ன இருக்கிறது?

"ஃபிளாட் வட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி. எதிரே இருப்பவர் தண்ணீர் குடிப்பார்.

ஃபிளாட் வட்டியில், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி போடுவார்கள். 6 லட்சத்துக்கு 5.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 33,000. ஐந்து ஆண்டுக்கு 1,65,000. தவணை 12,750. வங்கி, மீதமுள்ள அசலுக்கு மட்டும்தான் வட்டி கணக்கிடும். அங்கே 9.5 சதவீதத்தில் தவணை சுமார் 12,600, மொத்த வட்டி 1.56 லட்சம். அந்த 12,750-ஐ வங்கி முறையில் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வட்டி 10 சதவீதம். ஐந்தரை என்று தோன்றியது பத்து.

2024 அக்டோபர் 1 முதல், கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரு விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரண்டு இடத்திலும் அந்தத் தாளை வாங்கி, அந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். நிலையான வட்டியில் தரும் கார் கடன்களில் அது பெரும்பாலும் உண்டு.

அதே வாசகர்: ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதச் சுமை குறையுமே?

குறையும். 12,600 என்பது 9,800 ஆகும். மொத்த வட்டி 1.56 லட்சத்திலிருந்து 2.24 லட்சமாகும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: ஆறாவது, ஏழாவது ஆண்டில்தான் டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் செலவு வைக்கும். அப்போது தவணையும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் இடி. ஐந்து ஆண்டில் கட்ட முடியாத கார், உங்களுக்கு ஒரு படி பெரிய கார்.

கோயம்புத்தூர்: 9.95 லட்சம் ரூபாய் மாடலை எடுக்கப் போனோம். இன்னும் பத்தாயிரம் போட்டால் சன்ரூஃப் வரும் என்கிறார்கள்.

அந்தப் பத்தாயிரம் உங்களைப் பத்து லட்சக் கோட்டைத் தாண்ட வைக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆயுள் வரி 18 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். 9.95 லட்சத்துக்கு 1,29,350 ரூபாய் வரி, 10.05 லட்சத்துக்கு 1,80,900. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் வருமான வரி முன்பிடித்தமும் உண்டு. அதை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் இன்று கையை விட்டுப் போகும். ஆக உங்கள் சன்ரூஃபின் விலை பத்தாயிரம் இல்லை, அறுபதாயிரத்துக்கும் மேல். நம் ஊர் சித்திரை வெயிலில் அதைத் திறந்து வைத்து ஓட்டுபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மதுரை: வீட்டில் ஆறு பேர். ஏழு இருக்கை வண்டி வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். புதிய ட்ரைபரா, பழைய எர்டிகாவா?

ஆறு பேரும் ஒன்றாக ஆண்டுக்கு எத்தனை நாள் போகிறீர்கள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். குலதெய்வம் கோவில், பொங்கல், இரண்டு கல்யாணம் என்று பத்து நாளில் நின்றால், ஐந்து இருக்கைக் காரை வாங்கி, அந்தப் பத்து நாளுக்கு வாடகை வண்டி பிடிப்பதே மலிவு. அப்பாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

வாரந்தோறும் ஆறு பேர் என்றால் ஏழு இருக்கை நியாயம்தான். ரெனோ ட்ரைபர் நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார். எஞ்சின் 999 சி.சி. 2025 செப்டம்பர் 22 முதல் இப்படிப்பட்ட சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். எர்டிகா நான்கு மீட்டரையும் 1200 சி.சி.யையும் தாண்டுவதால் புதியதற்கு 40 சதவீதம். விலை இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ட்ரைபரில் ஏழு இருக்கையையும் விரித்தால் பின்னால் மிஞ்சும் இடம் 84 லிட்டர். இரண்டு பைக்கு மேல் வைக்க முடியாது. அதன் எஞ்சின் 72 குதிரைத்திறன். ஆறு பேரோடும் ஏ.சி.யோடும் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது முதல் கியரும் இரண்டாவது கியரும்தான் கதி. மலைக்கும் நீண்ட பயணத்துக்கும் நான்கு ஆண்டு ஓடிய நல்ல எர்டிகா, ஊருக்குள் அன்றாட ஓட்டத்துக்குப் புதிய ட்ரைபர். உங்கள் காலண்டர் எதைச் சொல்கிறதோ அதை எடுங்கள்.

திருப்பூர், விற்பனைப் பிரதிநிதி: மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) கார் எடுக்க 90,000 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள்.

எடுக்கலாம். பெட்ரோல் 101 ரூபாய், 18 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 5.60. சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், 26 கிலோமீட்டர் என்றால் 3.46. இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். 42,000 கிலோமீட்டரில், அதாவது 28 மாதத்தில், போட்டது திரும்பிவிடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் உங்கள் நண்பர் கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு ஏழு ஆண்டு ஆகும். நீங்கள் வழக்கமாகப் போகும் தடத்தில் எங்கெங்கே பங்க் இருக்கிறது, வரிசை எவ்வளவு நீளம் என்று காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்கு உட்படுத்த வேண்டும். டிக்கியில் சாம்பிள் பெட்டி வைப்பவர் நீங்கள். எனவே ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டரை டிக்கித் தரைக்கடியில் வைத்திருக்கும் ஆல்ட்ரோஸ், எக்ஸ்டர் போன்றவற்றைப் பாருங்கள்.

விழுப்புரம்: சென்னையிலிருந்து பழைய கார் ஒன்று மிக மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

மலிவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குச் சில மாதம் கழித்து என் மைத்துனர் ஒரு தரகரிடம் இப்படித்தான் வாங்கினார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பேன் என்று தெரியும். வண்டி பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஹாரன் தானாக அலறத் தொடங்கியது, அதுவும் இரவு இரண்டு மணிக்கு. பிறகு கண்ணாடி ஏறாது, பிறகு ஏ.சி. ஓடாது. ஒயர் கட்டு முழுவதையும் மாற்றிய செலவில் இன்னொரு பழைய கார் வாங்கியிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவை எங்கும் மறைந்துவிடவில்லை.

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு சாணில் சேற்றுக் கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கழுவுகிறவர்கள் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. ஸ்டெப்னி குழியில் கையை விடுங்கள். இருக்கையின் அடியில் உள்ள திருகுகளில் துரு இருக்கிறதா, முகப்பு விளக்குக்குள் ஆவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுகளை அடைத்து ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறது. 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள், பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். கம்பெனி சர்வீஸ் மையத்தில் பதிவெண்ணைச் சொன்னால் பழைய சர்வீஸ் விவரம் கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள், விற்பவர் பரிந்துரைக்கும் மெக்கானிக்கை அல்ல.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், அந்த வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை நீங்களே முன்நின்று முடியுங்கள்.

ஓசூர்: டெல்லி வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

அங்கே பத்து ஆண்டு கடந்த டீசலுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் தடை வந்ததால் விலை விழுந்தது. இங்கே கொண்டுவந்தால் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், பதிவெண் மாற்ற வேண்டும், அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். லாரிக் கூலியையும் கூட்டிப் பாருங்கள்.

சேலம்: இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தால்தான் கார் தருவோம் என்கிறார்கள்.

அப்படி ஒரு சட்டமும் இல்லை. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (உங்கள் காரால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது கட்டாயம். எங்கே எடுப்பது என்பது உங்கள் விருப்பம். வெளியில் ஒரு விலை வாங்கிக் காட்டுங்கள், அதே மேசையில் பிரீமியம் இறங்கும். காரின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய காரை விற்றுவிட்டு இதை வாங்குகிறீர்கள் என்றால், அதில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. ஐந்து ஆண்டு எதுவும் கோராதிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

தஞ்சாவூர்: ஓய்வூதியப் பணத்தில் ரொக்கமாகவே கட்டிவிடலாம் என்கிறார் அப்பா.

ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரச் சொல்லுங்கள். முழுவதையும் போட வேண்டாம் என்பது என் கருத்து. அவருடைய மருத்துவச் செலவுக்கான பணம் போர்டிகோவில் நிற்கக் கூடாது. பாதி போடட்டும், மீதிக்கு நீங்கள் தவணை கட்டுங்கள். ஓட்டப்போவது நீங்கள்தானே?

திண்டுக்கல்: ஆடியில் நல்ல தள்ளுபடி தருகிறார்கள். மாமியார் ஆடியில் கார் கூடாது என்கிறார். என்ன செய்ய?

மற்றவர்கள் வாங்கத் தயங்குவதால்தான் அந்தத் தள்ளுபடியே கிடைக்கிறது. டிசம்பர் தள்ளுபடி வேறு வகை: அப்போது வாங்கும் கார் ஜனவரியிலேயே "போன ஆண்டு மாடல்" ஆகிவிடும், விற்கும்போது அது தெரியும். ஆடிக்கு அந்தக் குறை இல்லை.

ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. நிறுவனங்களின் மாதச் சலுகை ஜூலை 31-இல் முடிகிறது. எனவே ஜூலைக்குள் பில் போடச் சொல்லுங்கள். பதிவையும் டெலிவரியையும் ஆவணி முதல் வாரத்துக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள். விற்பனை மந்தமான மாதத்தில் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எடுக்கும் நாளில் கிலோமீட்டர் மீட்டரையும் பேட்டரியையும் பாருங்கள். ஆர்.சி.யில் ஆவணித் தேதிதான் வரும். எலுமிச்சம்பழத்தை மாமியாரே டயருக்கு அடியில் வைக்கட்டும். பில்லில் மட்டும் ஆடித் தேதி இருக்கும். அதைக் கோப்பின் அடியில் வைத்துவிடுங்கள்.