புறவாசலில் தானாக முளைத்தவை

கேள்வி: எங்கள் வீட்டுப் புறவாசலில் மழைநீர் இரண்டு நாள் தேங்கி நின்றதில், காய்த்துக்கொண்டிருந்த பப்பாளிகளும் ஒரு முருங்கையும் பட்டுப்போயின, விலை கொடுத்து வாங்கிய டெல்லி கனகாம்பரமும் அழுகிவிட்டது. இப்போது அங்கே பப்பாளி, கனகாம்பரம், தக்காளி, கறிவேப்பிலை ஆகியவையும், மதிலில் ஓர் அரசங்கன்றும் தாமாக முளைத்துள்ளன. வளரவிடலாமா, பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வாங்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: புதுக் கன்று வாங்குவதற்கு முன், பழையவை ஏன் பட்டன என்பதைப் பாருங்கள். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுவிட வழியின்றி அழுகும். பப்பாளியும் முருங்கையும் அதை ஓரிரு நாள்கூடத் தாங்குவதில்லை. நீர் வடிந்த பிறகே இலை மஞ்சளித்து வாடுவதால், வறட்சி என்று எண்ணி மேலும் நீர் ஊற்றிக் கெடுப்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளம் ஆண்டுதோறும் வராது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வரும் என்பதால், அதே பள்ளத்தில் எவ்வளவு உயர்ந்த கன்றை நட்டாலும் பணம்தான் வீண்.

ஆகவே பப்பாளி நாற்றுகளை நான்கைந்து இலை விட்ட பருவத்திலேயே, ஆணிவேர் அறுபடாமல், மண்ணோடு பெயர்த்து, மண்ணை அணைத்து உயர்த்திய மேட்டில் மூன்று மூன்றாக நடுங்கள். நாட்டுப் பப்பாளியின் விதையாக இருந்தால், ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. நீண்ட காம்பில் சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கினால் அது ஆண். தண்டை ஒட்டி, அடி பருத்த பூ வந்தால் பெண். மகரந்தத்துக்காகத் தோட்டத்தில் ஓர் ஆண் மரத்தை மட்டும் விட்டு, மற்ற ஆண் மரங்களை அப்போது வெட்டிவிடலாம்.

கனகாம்பர நாற்றுகளைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். டெல்லி கனகாம்பரம் விதை பிடிப்பதில்லை, குச்சி நட்டே அதைப் பெருக்குகிறார்கள்; எனவே இவை அதன் பிள்ளைகளாக இருக்க முடியாது. முன்பு அங்கே, ஒருவேளை உங்கள் மாமியார் காலத்தில், நின்ற சாதாரணக் கனகாம்பரத்தின் வழிவந்தவையாக இருக்கலாம். அதன் உலர்ந்த காய் நனைந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும் என்பதால் மழைக்குப் பின் இப்படி முளைப்பது வழக்கமே. பூ சற்றுச் சிறியதாக இருக்கலாம். இருந்தாலும், வாங்கிய செடியை விட இதையே நான் விரும்புவேன். செடி அழுகிய அதே குழியில் மட்டும் வைக்க வேண்டாம், நோய்க்கிருமி மண்ணில் தங்கியிருக்கும்.

தக்காளி, சமையல் கழிவிலிருந்து வந்ததாக இருக்கும். கடைப்பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதை தாயைப் போலக் காய்க்காது. இடமிருந்தால் விடுங்கள்.

கறிவேப்பிலையில், தாய் மரத்தை ஒட்டிக் கிளம்பியவை பெரும்பாலும் வேர்க்கன்றுகள். அவற்றை உடனே பிடுங்காமல், தாய் வேரோடு உள்ள இணைப்பை மட்டும் வெட்டிவிட்டு, சில வாரம் கழித்து ஒரு மாலைப்பொழுதில் மண்ணோடு எடுத்து நடுங்கள்.

அரசங்கன்றுக்கு மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். மதில் மழையில் ஊறியிருக்கும்போதே வேரோடு இழுத்துவிடுங்கள். மேலே கிள்ளினால் மீண்டும் துளிர்த்து, வேர் பருத்துச் சுவரைப் பிளந்துவிடும்.