2000 வொட் சப்வூபர் வேணுமா?

கேள்வி: எங்கட ஹோல் 14 அடிக்கு 12 அடி. பாட்டும் கேட்போம், படமும் பார்ப்போம். கடையில் '2000 வொட்' என்று எழுதிய 8 அங்குலச் சப்வூபரை (பேஸ் எனும் தாழ்ந்த சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) காட்டுகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: அந்த 2000 வெறும் ஸ்டிக்கர். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலு, எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஹோலுக்கு 10 அங்குலம், 150 முதல் 200 வொட் ஆர்.எம்.எஸ். தாராளம். பாட்டே முக்கியமென்றால் துளையில்லாத மூடிய பெட்டி எடுங்கள், மிருதங்க அடி இழுபடாது. படத்து வெடிச்சத்தத்துக்குத் துளையுள்ளது எடுபடும்.

பலர் கோட்டை விடுவது வைக்கும் இடத்தில்தான். சுவர்களுக்கிடையே சத்தம், 14 அடி நீளத்தால் 40 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 40 அதிர்வு) அளவிலும், 12 அடி அகலத்தால் 47 ஹேர்ட்ஸ் அளவிலும் தானாகவே முழங்கும். மூலையில் வைத்தால் அது இன்னும் கூடும். சப்வூபரை நீங்கள் இருக்கும் கதிரையில் ஏற்றி, பேஸ் உள்ள பாட்டொன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள் (வீட்டார் சிரிப்பார்கள்). எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடமே சப்வூபருக்குரிய இடம்.

ரிசீவரில் (ஸ்பீக்கர்களை ஓட்டும் அம்ப்) கிராஸோவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள சத்தம் சப்வூபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். சப்வூபரின் கிராஸோவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை வடிகட்டப்பட்டு பேஸ் மெலியும். சப்வூபரின் 'ஃபேஸ்' (phase) சுவிட்சை, அதாவது அதன் சத்த அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு பொருத்தும் சுவிட்சை, 0, 180 இரண்டிலும் போட்டு, பேஸ் நிறைவாகக் கேட்பதில் விடுங்கள். 'ம்ம்ம்' என்று இரைந்தால் ரிசீவரையும் சப்வூபரையும் ஒரே மல்ரி பிளக்கில் செருகுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செற் என்றால் பின்பக்கம் பாருங்கள். 120 வோல்ற் மட்டுமே என்றிருந்தால் நம் 230-இல் நேராகச் செருகவே கூடாது.