கழுத்து டிஸ்க் ஆபரேஷன்: வலிப்பது கையா, கழுத்தா?

கேள்வி: சி6-சி7 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். கழுத்திலிருந்து விரல் வரை வலி. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் அதே டிஸ்க்குக்கு ஆபரேஷன் செய்துகொண்டவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை. நாள் முழுக்கக் குனிந்த தலை.

உங்களுக்கு அதிகம் வலிப்பது கையா, கழுத்தா? அதை முதலில் சொல்லுங்கள். நரம்பின் மேல் இருக்கும் அழுத்தத்தை எடுப்பதுதான் இந்த ஆபரேஷன். கைக்கு இறங்கும் வலி அதில் நன்றாகக் குறையும். கழுத்து வலிக்கு அந்த அளவு உறுதி யாரும் தரமாட்டார்கள். எனக்குக் கை வலி மயக்கம் தெளிந்தபோதே விட்டுவிட்டது. கழுத்துப் பிடிப்பு இன்னமும் வந்து போகிறது.

எடுத்தவுடன் கத்தி வேண்டாம். மாத்திரை, பிசியோதெரபியிலேயே பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் குறைந்துவிடும். பிதுங்கிய டிஸ்க் தானாகவே சுருங்குவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்தும் மிரள வேண்டாம். வலியே இல்லாதவர்களை எடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும். இடையில் சலூனில் நெட்டி எடுப்பது, சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பது, இரண்டும் கூடவே கூடாது.

நான் வலியைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். கையைத் தலைமேல் வைத்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும். "கப்பல் கவிழ்ந்தாகூட கன்னத்துலதாண்ணே கை வைப்பாங்க" என்று கடைப் பையன் சிரிப்பான். ஆனால் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போது வலது கை மடங்க ஆரம்பித்தது. கோரிமேடு ஜிப்மரில் இரண்டாவது கருத்துக் கேட்டேன். டாக்டர் என் கையை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, எதிர்த்துத் தள்ளிப் பார்த்தார். "வலிக்காக இல்லை, பலம் குறைந்துகொண்டே போகிறது, அதற்காகச் செய்யலாம்" என்றார். அதன்பிறகுதான் சம்மதித்தேன்.

முதுகெலும்புக்கு எதற்குத் தொண்டையில் வெட்டுகிறார்கள் என்று வீட்டில் ஒரே கலக்கம். முன்பக்கமாகப் போனால் தண்டுவடத்தைத் தொடாமல் டிஸ்க்கை எட்டிவிடலாம். டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு எலும்புத் துண்டோ செயற்கைத் துண்டோ வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக்குவார்கள். சிலருக்குச் செயற்கை டிஸ்க் வைப்பார்கள். கொஞ்ச நாள் சோறு இறங்காது, குரல் கம்மும். பால் ஊற்றிய இடியாப்பம்தான் எனக்குக் கைகொடுத்தது. எலும்புகள் ஒன்றுகூட மாதக்கணக்காகும். பீடி, சிகரெட் இருந்தால் கூடுவதே சிரமம். மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளுக்குப் பின்னாளில் தேய்மானம் வரலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அது தண்டுவடமே அழுந்துகிற அறிகுறி. உடனே போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எந்த விரல் மரக்கிறது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கட்டைவிரல் என்றால் சி6 நரம்பு, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8. சி6-சி7 டிஸ்க் பொதுவாக அழுத்துவது சி7 நரம்பை. படத்தில் ஒன்று, விரலில் வேறொன்று என்றால், ஏன் என்று விளக்கம் கேட்காமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.