உலக செஸ் சாம்பியன் யார் என்று போட்டிக்கு முன்பே ரசிகர்களால் சொல்ல முடியுமா?

பெயரைச் சொல்லிவிடலாம். இரண்டு பேரில் ஒருவர், அதில் என்ன பெரிய கஷ்டம். போட்டி எப்படிப் போகும், எத்தனை ஆட்டம் சமனில் முடியும், எங்கே உடையும் என்று சொல்வதுதான் கஷ்டம், என்னைக் கேட்டால் கணிப்பு என்று மதிக்க வேண்டியதும் அதைத்தான்.

நான் திருகோணமலை. என் கொமினிகேஷன் கடையில் நாங்கள் ஐந்து பேர் செஸ் பார்க்கிறோம், 2018இலிருந்து அதற்கென்றே ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. முதல் ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒவ்வொருவரும் வெல்பவர் பெயரையும் புள்ளியையும் (வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை) எழுதி ஒப்பமிட வேண்டும். பிறகு மனம் மாறினால் பழையதை அழிக்கக்கூடாது, ஒரு கோடு இழுத்துவிட்டுத் திகதியோடு புதிதாக எழுதலாம். தோற்றவர்கள் தேநீரும் றோல்ஸும் வாங்க வேண்டும், அவ்வளவுதான், காசு வைத்துப் பந்தயம் கிடையாது.

முதல் பக்கமே நல்ல பாடம். 2018 லண்டன், சாம்பியன் கார்ல்சனும் அவருக்குச் சவால் விட்ட கருவானாவும். ஐந்து பேரும் இரண்டு மூன்று வெற்றிகளாவது வரும் என்று எழுதினோம். பன்னிரண்டு ஆட்டமும் சமன்! கடைசியில் ராபிட் என்கிற குறைந்த நேர ஆட்டங்களில் கார்ல்சன் 3–0 என்று முடித்தார். இந்த மட்டத்தில் சமன்தான் வழக்கம், வெற்றிதான் விதிவிலக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனதால் கணிப்பதில்லை, ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவார். ஈலோ முறையில் இரண்டு பேருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை 400ஆல் வகுத்து அதிலிருந்து எதிர்பார்க்கும் புள்ளியை எடுக்கலாம். 2013இல் சென்னையில் ஆனந்த் ஆடியபோது எங்கள் ஊரிலும் எல்லோருக்கும் அவர்தான் வெல்ல வேண்டும் என்று ஆசை. கார்ல்சன் 2870, ஆனந்த் 2775, வித்தியாசம் 95. அப்படியென்றால் ஓர் ஆட்டத்துக்குக் கார்ல்சனுக்கு 0.63 அளவில் வரும், பத்து ஆட்டத்துக்கு 6.3. பத்தாவது ஆட்டத்தோடு 6.5–3.5 என்று முடிந்தது. ஆசைப்பட்ட எங்களுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை, கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

ஆனால் கணக்கு சொல்வது சராசரியைத்தான். 2021 துபாயைப் பாருங்கள், கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும். முதல் ஐந்து ஆட்டமும் சமன், ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல், ஏழரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது, அதில் தோற்ற நெப்போம்னியாச்சி அதற்குப் பிறகு பழைய ஆளாகவே இல்லை. எட்டு, ஒன்பது, பதினொன்று என்று மூன்று ஆட்டம் போனது. ஒன்பதாவதில் தன் மந்திரியைத் தானே கொண்டுபோய் அடைபட வைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளை செய்தால் ஏசுவோம். ஒரு மனிதன் எந்த இடத்தில் களைத்துப் போவான் என்பது ரேட்டிங்கில் எழுதியிருக்காது.

சரி, 2024 சிங்கப்பூருக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு என் முழுப் பதிலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சவால் விட்ட குகேஷின் ரேட்டிங் 2783, சாம்பியன் டிங் லிரெனுடையது 2728. பதினாலு ஆட்டம், முதலில் 7.5 எடுப்பவர் வெல்வார். டிங் அப்போது முதல் இருபது பேருக்குள்ளேயே இல்லை, குகேஷ் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பத்துக்கு ஒன்பது எடுத்துவிட்டு வந்திருக்கிறார். இணையம் முழுக்க ஒருதலைப்பட்சமாக முடியும் என்ற பேச்சு. நானும் இன்னும் இரண்டு பேரும் குகேஷ் 7.5–4.5 என்று எழுதினோம். மாஸ்டர் கணக்குப் போட்டுக் குகேஷ் 7.5–5.5, பதின்மூன்றாவது ஆட்டத்தில் முடியும் என்றார். ஏ.எல். படிக்கிற தம்பி ஒருவன் மட்டும் டிங் 7.5–6.5 என்று எழுதினான். ஏனடா என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "அண்ணை, போன வருஷம் அஸ்தானாவில நடந்த சாம்பியன் போட்டியில டிங் மூண்டு தரம் பின்னால போய் மூண்டு தரமும் சமப்படுத்தினவர். விழுந்தா எழும்புற ஆள். இது கடைசி ஆட்டம் வரைக்கும் போகும்."

நவம்பர் 25, முதல் ஆட்டத்தில் டிங் கறுப்புக் காய்களோடு வென்றார். உடனே கொப்பியில் மூன்று கோடு விழுந்தது, அதில் ஒன்று என்னுடையது. ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்துப் பதினாலு ஆட்டக் கணிப்பை மாற்றினோம், இதுதான் ரசிகர்கள் செய்கிற பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன். அந்த வாரம்தான் தாழமுக்கம் எங்கள் கரையோடு ஒட்டிப் போனது, பிறகு ஃபெங்கல் புயலாகித் தமிழ்நாட்டுப் பக்கம் போனதே, அதுதான். விடாத மழை, கரண்ட் இல்லை, 27ஆம் திகதி மூன்றாவது ஆட்டத்தைப் பவர் பேங்கில் செருகிய ஒரு போனில்தான் பார்த்தேன். குகேஷ் வென்றார். திரும்பவும் மூன்று கோடு. பிறகு ஏழு ஆட்டம் வரிசையாகச் சமன், பதினொன்றில் குகேஷ், அடுத்த நாளே பன்னிரண்டில் டிங். தம்பி சொன்னது போலவே விழுந்து எழும்பினார். அவனும் மாஸ்டரும் கடைசி வரை ஒரு கோடும் இழுக்கவில்லை.

டிசம்பர் 12. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேரும் ஒரே திரையில் குனிந்திருக்கிறோம். டிங்குக்கு ஒரு காலாள் குறைவு, ஆனால் சமன்தான், எல்லோரும் அடுத்த நாள் ராபிட் டைபிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். 55ஆவது நகர்த்தல், டிங் கோட்டையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். திரையில் பலகைக்குப் பக்கத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும் எஞ்சின் கோடு விழுந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் கத்தினோம். மாஸ்டர் அந்தக் கோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு பலகையை மட்டும் பார்க்கிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோட்டைக்குக் கோட்டை வெட்டிப்போட்டு மந்திரியை டி5இல வச்சா, மூலையில நிக்கிற டிங்கின்ர மந்திரிக்குப் போக இடமில்லை" என்று மெதுவாகச் சொன்னார். குகேஷும் அதையேதான் கண்டுபிடித்தார். 58 நகர்த்தலில் முடிந்தது, 7.5–6.5. குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒழுங்காக அடுக்கியபோது எங்கள் கடையிலும் யாரும் பேசவில்லை.

நீங்கள் அடுத்த போட்டிக்குக் கணிப்பதாக இருந்தால் முதலில் ரேட்டிங்கைப் பாருங்கள், அப்புறம் ஆசைப்படுங்கள். சமனை நிறையப் போடுங்கள். கமெண்டில் ஆட்கள் சொல்வதில் பாதி எஞ்சின் கோட்டைப் பார்த்துச் சொல்வது, அது கணிப்பே இல்லை. ஆட்டக்காரர் தோற்ற அடுத்த நாள் எப்படி ஆடியிருக்கிறார் என்று பழைய போட்டிகளில் தேடிப் பாருங்கள், தம்பி பார்த்தது அதைத்தான். ஐந்து பேரில் கடைசி ஆட்டம் வரை போகும் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ஆனாலும் விதிப்படி அன்று றோல்ஸ் வாங்க வேண்டியவன் அவன். டிங் தோற்ற கவலையில் போனை மூடி வைத்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே காசைக் கொடுத்தார். அப்புறம் கொப்பியை எடுத்து, டிங் என்ற பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்து, 7.5–6.5க்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டார்.